கல்லடிப் பாலத்து இரவும் கெனன் 50 மி.மீ. வில்லையும்

2015இல் வெளிவந்த கெனன் இ.எஃப். 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்.டி.எம். வில்லையை, சிறிய உணரி (ஒளியைப் படமாகப் பதியும் பகுதி) கொண்ட பழைய கமராவில் பொருத்தி, மட்டக்களப்பு வாவிக்கரையில் பல இரவுகள் பயன்படுத்திய பின்னரே இதை எழுதுகிறேன். 160 கிராம் எடையே உள்ள இவ்வில்லை, கமராவுடன் வரும் 18–55 மி.மீ. வில்லை 50 மி.மீ.இல் எஃப் 5.6 திறப்பில் (எஃப் எண் குறையக் குறைய ஒளி நுழையும் திறப்பு பெரிதாகும்) உள்வாங்குவதைவிட ஏறத்தாழ பத்து மடங்கு ஒளியை உள்வாங்குகிறது.

தோணியில் விளக்கு வைத்து வலை இழுப்பவரை முக்காலியின்றி எடுக்க எஃப் 2, 1/100 வினாடி, ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) 3200 போதுமாயிருந்தது; முகத்தில் விழுந்த மஞ்சள் வெளிச்சமும் ஈர வலையின் கண்ணிகளும் தெளிவாகப் பதிந்தன. எனினும் அதிர்வுத் தடுப்பு வசதி இதில் இல்லாததால், ஒளி பதியும் வேகத்தை 1/80 வினாடிக்குக் கீழே இறக்க நான் துணியமாட்டேன்.

கல்லடியின் பழைய இரும்புப் பாலத்தைக் கரையிலிருந்து எடுக்கும்போது முக்காலி, எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 100, பத்து வினாடி என அமைத்து, இரண்டு வினாடித் தாமதப் பொத்தானையும் பயன்படுத்தினேன். திறப்பைக் குறுக்கும் இதழ்கள் ஏழு என்பதால் ஒவ்வொரு தெருவிளக்கும் பதினான்கு கதிருள்ள நட்சத்திரமாக விரிந்தது. அந்த அழகுக்காகவே இவ்வில்லையை விரும்புகிறேன். பாலத்தின் மேலேயே முக்காலியை நிறுத்துவது வீண், ஏனெனில் மோட்டார் சைக்கிள் ஒன்று கடந்தாலும் படம் கலங்கிவிடுகிறது. இருளில் தானியங்கிக் குவியத்தை நம்பாமல், திரையில் ஒரு விளக்கைப் பத்து மடங்கு பெருப்பித்துக் கையால் குவியப்படுத்துவதே நல்லது.

சிறிய உணரியில் இவ்வில்லையின் பார்வை, பெரிய உணரியில் 80 மி.மீ. வில்லை காட்டும் அளவுக்குக் குறுகுவதால், முழுப் பாலத்தையோ பால்வீதியையோ எடுக்க விரும்புவோர் அகலக்கோண வில்லையையே வாங்க வேண்டும்.