ஆப்டிகலா, கோ-ஆக்சியலா? டர்பன் வீட்டில் பல ஆண்டுப் பயன்பாடு

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் உள்ள எங்கள் வீட்டில் சிடி பிளேயர், டிவி, செயற்கைக்கோள் டிகோடர் ஆகிய மூன்றின் ஒலியும் ஒரே ஆம்ப்ளிஃபையருக்குள் இருக்கும் டிஏசி (டிஜிட்டல் தரவை அனலாக் ஒலியாக மாற்றும் பகுதி) வழியாகவே வருகிறது. அவற்றை ஆப்டிகல், கோ-ஆக்சியல் ஆகிய இரு கேபிள்களாலும் மாறி மாறி இணைத்துப் பல ஆண்டுகள் கேட்ட பின்னர், எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைப் பெரும்பாலும் வீட்டின் எர்த் இணைப்பே தீர்மானிக்கிறது என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன்.

இரண்டிலும் ஓடுவது சோனியும் பிலிப்ஸும் வகுத்த எஸ்பிடிஐஎஃப் என்னும் ஒரே டிஜிட்டல் ஒலித் தரவுதான். கோ-ஆக்சியலில் அது 75 ஓம் செம்புக் கம்பியில் மின்துடிப்பாகச் செல்கிறது. தோஷிபா 1983இல் கொண்டுவந்த டாஸ்லிங்க் என்னும் ஆப்டிகல் முறையில் பிளாஸ்டிக் இழையினுள் சிவப்பு ஒளியாகச் செல்கிறது. ஆப்டிகலில் ஜிட்டர், அதாவது துடிப்புகள் வரும் நேரத்தில் ஏற்படும் நுண்ணிய தடுமாற்றம், கூடுதல் என்று சொல்வதில் அளவீட்டளவில் உண்மை உண்டு. ஆனால் இன்றைய டிஏசிகள் கடிகாரத் துடிப்பைத் தாமே சீர்செய்துகொள்கின்றன. என் தம்பி எனக்குச் சொல்லாமலே இன்புட்டை மாற்றி மாற்றி வைத்தபோது, வீணைத் தந்தியின் கார்வை தேய்ந்து அடங்கும் இடத்தில்கூட என்னால் வேறுபாடு காண முடியவில்லை.

டிகோடரைக் கோ-ஆக்சியலில் இணைத்தபோது மட்டும் நிலைமை அடியோடு மாறியது. ஆலாபனையின் இடைவெளிகளில் 50 ஹெர்ட்ஸ் முழக்கம் ஒன்று தெளிவாகக் கேட்டது. கூரையிலுள்ள டிஷ்ஷிலிருந்து இறங்கும் கேபிளின் வெளிவலை ஓரிடத்தில் எர்த்தைத் தொடுகிறது. ஆம்ப்ளிஃபையரோ தன் மூன்று முனைப் பிளக் வழியாக வேறோர் இடத்தில் தொடுகிறது. இவ்விரு இடங்களுக்கும் இடையிலுள்ள சிறு மின்னழுத்த வேறுபாட்டால் கோ-ஆக்சியல் கேபிளின் உறை வழியே மின்னோட்டம் பாய்ந்து, ஆம்ப்ளிஃபையரின் அனலாக் பகுதியில் இரைச்சலாகிறது. இதைப் போக்க எர்த் முனையைக் கழற்றிவிடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது உயிருக்கே ஆபத்தானது; யாரும் ஒருபோதும் செய்யக் கூடாது. டிகோடரை எச்டிஎம்ஐ மூலம் டிவிக்கும், டிவியை ஆப்டிகல் மூலம் ஆம்ப்ளிஃபையருக்கும் இணைத்த அன்றே முழக்கம் முற்றிலும் மறைந்தது. ஒளியிழையில் மின்சாரம் பாயாது என்பதே காரணம். இருப்பினும் டிவிக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் இடையே வேறு செம்புக் கம்பி எதுவும் இருந்தால் இந்தப் பயன் கிட்டாது. கோடை இடிமழையின்போது டிஷ் கேபிள் வழியாக வரும் மின்னெழுச்சி இந்த இணைப்பைத் தாண்டி ஆம்ப்ளிஃபையருக்குள் வராது என்பதும் எனக்கு ஆறுதல். வீட்டு மின் இணைப்பு வழியாக வரும் மின்னெழுச்சிக்குத் தனிப் பாதுகாப்பு வேண்டும்.

சிடி பிளேயருக்கு நான் கோ-ஆக்சியலையே வைத்திருக்கிறேன். அதற்கு டிஷ்ஷோடு எந்தத் தொடர்பும் இல்லாததால் முழக்கமும் இல்லை. செருகியும் இறுக்கமாக நிற்கிறது. ஆப்டிகல் செருகி சற்றே நழுவினாலும் ஒலி விட்டு விட்டு வரும். அலமாரியைச் சுவரோடு தள்ளும்போது இழை கூர்மையாக மடங்கினால் ஒளி குறைந்துபோகும். கடற்காற்றுள்ள ஊர் என்பதால் கோ-ஆக்சியலின் ஆர்சிஏ முனைகள் மங்குகின்றன. அவ்வப்போது கழற்றித் துடைத்தால் போதும்.

உயர் தெளிவுக் கோப்புகளைக் கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 192 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில் (நொடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்பட்டது என்ற கணக்கு) பதிவான ஒலியை என் டிஏசி கோ-ஆக்சியலில் தடையின்றி ஏற்கிறது. ஆப்டிகலில் 96க்கு மேல் சென்றால் மௌனமாகிவிடுகிறது. பல கருவிகளில் இதே எல்லை உண்டு. 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் கொண்ட சிடிக்கு இது பொருட்டல்ல.

கேபிளுக்கு அதிகம் செலவிடத் தேவையில்லை. கோ-ஆக்சியலுக்குப் பழைய வீடியோ கேபிளின் மஞ்சள் முனைக் கம்பியே பெரும்பாலும் 75 ஓம் உடையது என்பதால் போதுமானது. ஆப்டிகலை 5 மீட்டருக்குள் வைத்துக்கொள்வது நல்லது. கழற்றி வைக்கும்போது தூசி புகாதபடி மூடியைப் போட்டுவிட வேண்டும்.