நாட்சானோவா, அன்வெர்சாவா: கார் இல்லாதவரின் ஒப்பீடு

ரோமில் வாழ்ந்த இரண்டு ஆண்டுகளில், இடைக்காலச் சிற்றூர் ஒன்றையும் அதன் காலடியில் ஓடும் ஆற்றின் இயற்கைக் காப்பகத்தையும் ஒரே பயணத்தில் பார்க்க வேண்டும் என்று விரும்பியபோது, என் முன்னே இரண்டு பெயர்கள் நின்றன. ஒன்று, ரோமுக்கு வடக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், டைபர் நதியின் வலக்கரைக் குன்றின்மேல் அமைந்த நாட்சானோ. மற்றொன்று, கிழக்கே அப்ருட்ஸோ மலைநாட்டில், சஜிட்டாரியோ ஆறு சுண்ணாம்புப் பாறையை அறுத்துக்கொண்டு வெளிவரும் இடத்தில் உள்ள அன்வெர்சா. முதலாவதற்கு ஒரு முறைதான் சென்றேன். இரண்டாவதற்கு மூன்று முறை சென்றேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை இந்தக் கணக்கே காட்டிவிடும் என்பதால், அதை மறைத்து நடுநிலை வேடம் போடப் போவதில்லை.

இரண்டு ஊர்களுக்கும் பொதுவானவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். கல் பாவிய குறுகிய சந்துகள், உச்சியில் ஒரு கோட்டை அல்லது அதன் இடிபாடு, ஒரு பழைய தேவாலயம், மதியம் பூட்டிவிட்டு மாலையில் திறக்கும் ஓரிரு கடைகள் ஆகியவை இரண்டிலும் உண்டு. நாட்சானோவில் சாவெல்லி குடும்பத்தின் பெயரால் அறியப்படும் கோட்டையும் சாந்த்அந்திமோ தேவாலயமும் இருக்கின்றன. அன்வெர்சாவில் நார்மானியர் காலத்துக் கோட்டையின் சிதைவும், 1540 என்று ஆண்டு குறிக்கும் வாயிலைக் கொண்ட சாந்தா மரியா தேல்லே கிராட்சியே தேவாலயமும் இருக்கின்றன. கட்டடங்களுக்காக மட்டும் போகிறவர் நாணயத்தைச் சுண்டிப் பார்த்து முடிவு செய்தாலும் ஏமாற மாட்டார்.

வேறுபாடு ஆற்றில் தொடங்குகிறது. நாட்சானோவின் கீழே இருப்பது அகன்று, மெதுவாக, ஏரிபோல் தேங்கி நிற்கும் டைபர். 1950-களில் மின்னுற்பத்திக்காகக் கட்டப்பட்ட தடுப்பணை நீரைத் தேக்கியதால் கரையோரம் நாணற்காடாக மாறியது. நாணலை நம்பிப் பறவைகள் வந்தன. பறவைகளை முன்னிட்டு 1979-இல் ஏறத்தாழ 700 ஹெக்டேர் பரப்பு காப்பகமாக அறிவிக்கப்பட்டது. லாட்சியோ மாநிலத்தின் முதல் இயற்கைக் காப்பகம் இதுவே. மனிதன் கட்டிய அணையால் ஒரு சதுப்புநிலம் பிறந்து, பின்னர் அதே மனிதன் அதற்குச் சட்டப் பாதுகாப்பு தேடிய விந்தை எனக்குப் பிடித்திருக்கிறது. மரப்பலகை நடைபாதையில் நடந்து, மறைகுடிலின் துளை வழியாகப் பார்த்தால், நாமக்கோழிகளும் நீர்க்காகங்களும் கூட்டமாகத் தெரியும். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் வாத்துகளில் நம் வேடந்தாங்கலுக்கும் வருகிற கிளுவை உண்டு என்பதால், தமிழ்நாட்டுக் கண்களுக்கு அந்தக் காட்சி முற்றிலும் அந்நியமாக இருக்காது. நான் சென்றது ஜூன் மாதத்தில். தொலைநோக்கியையும் வீட்டில் மறந்துவிட்டேன். ஆகவே, அந்தக் காப்பகம் தன் சிறந்த முகத்தை எனக்குக் காட்டவில்லை என்பதையும், அதைப் பற்றிய என் மதிப்பீடு ஒரே ஒரு கோடை நாளை நம்பி நிற்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அன்வெர்சாவின் ஆறு வேறு இனம். மேலே வில்லலாகோ ஊரிலிருந்து இறங்கும் பள்ளத்தாக்கு இரு பக்கமும் செங்குத்தான பாறைச் சுவர்களாக நெருங்கி வந்து, இந்த ஊரின் காலடியில்தான் திறந்துகொள்கிறது. அந்த இடத்தில் கவூட்டோ எனப்படும் ஊற்றுகள் பாறையடியிலிருந்து குளிர்ந்து, கண்ணாடி போல் தெளிந்து வெளிவருகின்றன. அவற்றைச் சுற்றி, வட்டாரத் தாவரங்களை மட்டுமே வளர்க்கும் ஒரு தாவரத் தோட்டம் இருக்கிறது. சுழித்து ஓடும் நீருக்குள் மூழ்கி, ஆற்றுப் படுகையில் நடந்தே இரை தேடும் ஒரு சிறு பறவையை நான் முதன்முதலில் அங்கேதான் பார்த்தேன். உலகில் ஏறத்தாழ ஐம்பது அறுபது மட்டுமே எஞ்சியிருக்கும் மார்சிக்கப் பழுப்புக் கரடிகள் உலவும் மலைத்தொடர் இது. ஆனால் கரடியைப் பார்க்கலாம் என்ற ஆசையோடு யாரும் போக வேண்டாம், மூன்று பயணங்களிலும் அதன் காலடித் தடத்தைக்கூட நான் காணவில்லை. ஊருக்கு மேலே முகட்டின் விளிம்பில் தொங்குவதுபோல் நிற்கும் காஸ்ட்ரோவால்வா என்ற குக்கிராமத்தை டச்சு ஓவியர் எஷர் 1930-இல் கல்லச்சு ஓவியமாக்கினார். அந்த ஓவியத்தின் மலைச்சரிவு மிகைப்படுத்தப்பட்டது என்று நினைத்திருந்த நான், அங்கே நின்று கீழே பார்த்தபோது அந்த எண்ணத்தைக் கைவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அன்வெர்சாவில் ஊரும் ஆறும் ஒட்டிப் பிறந்தவை; கடைசி வீட்டைத் தாண்டி இறங்கத் தொடங்கினால், அவசரமே இல்லாமல் நடந்தாலும் அரை மணிக்குள் ஊற்றருகே அமர்ந்துவிடலாம். நாட்சானோவில் ஊர் ஒரு பயணமாகவும் ஆற்றங்கரை இன்னொரு பயணமாகவும் எனக்குத் தோன்றின.

ஆனாலும் இவை எதுவும் என் முடிவைத் தீர்மானிக்கவில்லை. தீர்மானித்தது ஒரே கேள்வி: கார் இல்லாதவர் மாலையில் எப்படித் திரும்புவார்? வரைபடத்தைப் பார்த்தால் இது கேள்வியாகவே தோன்றாது. 40 கிலோமீட்டர் அருகிருக்கும் ஊர் எளிது, மூன்று மணி நேரம் தள்ளியிருக்கும் ஊர் கடினம் என்றுதான் யாரும் எண்ணுவார்கள். நானும் அப்படித்தான் எண்ணினேன். நாட்சானோவுக்கு எதிர்க்கரையில் ரோமின் புறநகர் ரயில் ஓடுகிறது. போட்ஜோ மிர்தேதோ நிலையத்தில் இறங்கலாம். ஆனால் இறங்கிய பின் நதி குறுக்கே கிடக்கிறது, ஊர் மறு கரைக் குன்றின்மேல் இருக்கிறது. மாநிலப் பேருந்தையே நம்பிப் போக வேண்டுமானால், அந்த அட்டவணை அடிப்படையில் தலைநகருக்குப் படிக்கவும் வேலைக்கும் செல்கிறவர்களுக்காக அமைந்தது: காலையில் ஊரிலிருந்து நகரத்துக்கு, மாலையில் நகரத்திலிருந்து ஊருக்கு. சுற்றுலாப் பயணிக்கு வேண்டியது நேர் எதிர்த்திசை. என் ஞாயிற்றுக்கிழமைத் திட்டத்துக்குப் பொருந்தும் திரும்பு பேருந்து அமையாததால், கடைசியில் ஒரு நண்பரின் காரில்தான் போய்வந்தேன்.

அன்வெர்சாவுக்கோ, ரோமின் திபுர்தீனா நிலையத்திலிருந்து ரயிலில் சுல்மோனா வரை சென்று, அங்கிருந்து ஸ்கான்னோ செல்லும் பேருந்தில் ஏற வேண்டும். சுல்மோனாவிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர்தான். அன்வெர்சாவின் பெயரைத் தாங்கிய ரயில் நிலையம் ஒன்றும் உண்டு, ஆனால் அது ஊரை விட்டு விலகி இருப்பதால் அதை நம்புவதில் பயனில்லை. முக்கியமான செய்தி இதுதான்: சுல்மோனாவிலிருந்து ஸ்கான்னோவுக்குப் போகும் மலைச்சாலை இந்தப் பள்ளத்தாக்கு வழியாகவே செல்கிறது, அன்வெர்சா அந்தச் சாலையின்மேலேயே இருக்கிறது. ஸ்கான்னோ புகழ்பெற்ற சுற்றுலா ஊர். அதற்காக ஓடும் பேருந்து வழியிலிருக்கும் அன்வெர்சாவுக்கும் வந்தே தீரும். பெரிய ஊர் ஒன்றுக்குப் போகும் வழியில் சிற்றூர் அமைந்திருப்பது கார் இல்லாதவருக்கு எவ்வளவு பெரிய வரம் என்பது, வழி முடிகிற ஊர் ஒன்றில் மாலை ஐந்து மணிக்கு நின்று பார்த்தவருக்கே புரியும்.

அட்டவணையைப் படிப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். இத்தாலிய மொழியில் ‘ஃபெரியே’ என்றால் விடுமுறை. ஆனால் பேருந்து அட்டவணையில் ‘ஃபெரியாலே’ என்றால் திங்கள் முதல் சனி வரையிலான வேலைநாள். ஞாயிறும் பண்டிகை நாளும் ‘ஃபெஸ்டீவோ’. முதல் பயணத்தின்போது இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, ஞாயிறு நண்பகலில் வராத பேருந்துக்காக நிறுத்தத்தில் நின்றேன். தவறு முழுக்க என்னுடையதே. ‘ஸ்கொலாஸ்டிகோ’ என்று குறித்த பேருந்துகள் பள்ளி நாள்களில் மட்டும் ஓடுபவை. ஜூன் நடுவில் பள்ளிகள் மூடியதும், பயணிகள் வரத் தொடங்கும் அதே பருவத்தில் அவை மறைந்துவிடும். பயணச்சீட்டைப் புகையிலைக் கடையிலோ காபிக் கடையிலோ முன்கூட்டியே இரு வழிக்கும் சேர்த்து வாங்கிவிடுவது நல்லது. பேருந்து தானாக நிற்கும் என்று எண்ணிப் பேசாமல் நிற்காமல், கையை நீட்டி நிறுத்த வேண்டும். அருகிலுள்ள கொகுல்லோவில் மே 1 அன்று புனித தோமெனிக்கோவின் சிலையை உயிருள்ள பாம்புகளால் போர்த்தி ஊர்வலம் எடுக்கும் விழாவையும் சேர்த்துப் பார்க்க விரும்புகிறவர்கள், அந்த நாளும் ‘ஃபெஸ்டீவோ’ என்பதை முதலில் மனத்தில் கொள்ளட்டும்.

வராத பேருந்து எனக்கு ஒரு நன்மையும் செய்தது. மாலை வரை காத்திருக்க நேர்ந்ததால் மீண்டும் ஊற்றுக்கு இறங்கினேன். மதியக் கூட்டம் போன பின், பாறைச் சுவர்களுக்கிடையே நீரின் ஓசை மட்டும் கேட்டது. அடுத்த இரு முறையும் ஓரிரவு தங்கும்படியே திட்டமிட்டேன். ஒரே நாளில் போய்த் திரும்புவதென்றால் பயணத்திலேயே ஆறு மணி நேரம் கரைந்துவிடும் என்பதால், தங்க இயலாதவருக்கு அன்வெர்சாவை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சொந்தக் கார் உள்ளவருக்கு இந்த வாதத்தின் பாதி உடனே உதிர்ந்துவிடும். அவருக்கு நாட்சானோ ஓர் அரைநாள் பயணம். வழியில், பக்கத்து ஊரான தோர்ரீத்தா திபெரீனாவில் 1978-இல் கொல்லப்பட்ட முன்னாள் பிரதமர் ஆல்டோ மோரோவின் கல்லறையையும் பார்த்துவிட்டு, இரவு உணவுக்கு ரோம் திரும்பிவிடலாம். எனக்கே கூட, டிசம்பரிலோ ஜனவரியிலோ காருள்ள நண்பர் யாரேனும் அழைத்தால், மறுபேச்சின்றி நாட்சானோவுக்குத்தான் கிளம்புவேன், தொலைநோக்கியை மறக்காமல் எடுத்துக்கொண்டு.