ஆஸ்பத்திரிக்கும் ஆள் அனுப்புகிறோம் என்னும் ஏஜென்சியை நம்பும் முன் இதைப் படியுங்கள்

பைக் விபத்தில் தம்பிக்குத் தண்டுவடம் அடிபட்டு ஆறு வருடம் ஆகிறது. இடுப்புக்குக் கீழே உணர்வே கிடையாது. வீட்டில் அவனைக் கவனிக்க ஏஜென்சி மூலம் ஆள் வைத்திருந்தோம். மாதம் 27,000, முன்பணம். சிறுநீர்த் தொற்றாகி, சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. "கவலைப்படாதீங்க மேடம், அங்கயும் நம்ம ஆளே வருவார், ஒரு நாளைக்கு 1,200தான்" என்றார் சூப்பர்வைசர்.

வந்தது பழைய ஆள் இல்லை, ஒரு புதுப் பையன். தண்டுவடம் பாதித்தவரை அதுவரை பார்த்ததே இல்லையாம், அவனே சொன்னான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. ஒன்றும் சொல்லிக்கொடுக்காமல் அனுப்பினார்களே, அவர்கள் மேல்தான்.

உணர்வில்லாதவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும். சொந்த ஆள் இருக்கிறாரே என்று சிஸ்டர்கள் விட்டுவிட்டார்கள். சிஸ்டர் பார்த்துக்கொள்வார் என்று பையன் இருந்துவிட்டான். இரவில் தங்க ஒருவருக்குத்தான் பாஸ், அதனால் நான் வீட்டுக்குப் போய்விடுவேன். ஐந்தாம் நாள் காலை விரிப்பு மாற்றும்போது பார்க்கிறேன், வால் எலும்பின் மேல் ஒரு ரூபாய்க் காசளவு கருஞ்சிவப்பு. விரலால் அழுத்தினேன். சாதாரணச் சிவப்பாக இருந்தால் அழுத்தியதும் வெளுக்கும். இது வெளுக்கவில்லை.

"என்னக்கா, பேச்சையே காணோம்?" என்றான் தம்பி. அவனுக்கு வலிக்கவே இல்லை. டிஸ்சார்ஜ் ஆவதற்குள் தோல் உரிந்து புண்ணாகிவிட்டது.

ஆறு நாளுக்குப் பிறகு பையன் வரவில்லை, மாற்று ஆளும் வரவில்லை. நான் லீவு போட்டேன். பில்லில் மட்டும் ஒன்பது நாள், 10,800. அதே ஒன்பது நாளுக்கு வீட்டு டூட்டிப் பணம் 8,100-ஐயும் கழிக்கவில்லை. கேட்டால், நான் கையெழுத்துப் போட்ட வருகைத் தாளை நீட்டுகிறார்கள். அட்மிஷன் அவசரத்தில் தேதி நிரப்பாமல் வாங்கிய கையெழுத்து அது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், சேர்த்த அன்றே வார்டு சிஸ்டரிடம் "உணர்வு இல்லை, திருப்ப வேண்டும்" என்று கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். யார் திருப்புவது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். ஏர் பெட் முதல் நாளே கேளுங்கள். வீட்டு டூட்டி நிற்கும் நாட்களுக்குப் பணம் என்னாகும் என்று ஏஜென்சியிடம் வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். மாற்றுத்திறனாளிகளுக்குச் சிகிச்சையில் முன்னுரிமை தர வேண்டும் என்று 2016 உரிமைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு ஆளைத் திருப்ப ஒரு கை வேண்டும், அதை நாம்தான் உறுதி செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், சேவைக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. பாதிப் பணம் தருகிறோம், புகாரை வாபஸ் வாங்குங்கள் என்று ஏஜென்சி தினமும் போன் செய்கிறது. வாங்கப் போவதில்லை. இரண்டு மாதமாகத் தம்பி சக்கர நாற்காலியில் உட்காரவில்லை. ஒருக்களித்துப் படுத்தபடியேதான் சாப்பிடுகிறான்.