உவர்மலைத் திரையிடல்: ஆவணப்படங்களிலிருந்து தொடங்கும் கீஸ்லோவ்ஸ்கி

திருகோணமலை உவர்மலையில் ஒரு வீட்டு மண்டபத்தில் நடைபெறும் வார இறுதித் திரையிடலில், போலந்து இயக்குநர் கிரிஸ்டோஃப் கீஸ்லோவ்ஸ்கியின் (1941–1996) படங்களைக் காலவரிசையில் காட்டினார்கள். 'நீலம்', 'வெள்ளை', 'சிவப்பு' என்னும் அவருடைய புகழ்பெற்ற மூவர்ணப் படங்களோடு நின்றுவிடாமல், அதிகம் பேசப்படாத ஆவணப்படங்களிலிருந்து தொடங்கியதே இந்த ஏற்பாட்டின் சிறப்பு.

லோட்ஸ் திரைப்படப் பள்ளியில் பயின்ற அவர், தொழிலாளர், அலுவலக வரிசை, வைத்தியசாலையின் நீண்ட பணிநேரம் எனப் போலந்தின் அன்றாடத்தையே படமாக்கினார். வார்சோ ரயில் நிலையம் பற்றிய ஆவணப்படத்துக்காக எடுத்த காட்சிகளில், தேடப்பட்ட கொலைச் சந்தேகநபர் பதிவாகியிருக்கலாம் எனக் காவல்துறை படச்சுருளைக் கைப்பற்றிய நிகழ்வு, மெய்யான மனிதர்களைப் படமெடுப்பதிலிருந்து அவரை விலகச் செய்த காரணங்களுள் ஒன்று. பிறந்த குழந்தையைப் படமெடுக்கக் கமரா வாங்கும் தொழிற்சாலை ஊழியரின் கதையும், மொஸ்கோ விழாவில் முதற்பரிசு பெற்றதுமான 'அமாடோர்' (1979), அதே சங்கடத்தைப் புனைவில் ஆராய்வதை, ஆவணப்படங்களையும் இப்படத்தையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போது தெளிவாக உணரலாம். இதற்காகவே ஏற்பாட்டாளர்களைப் பாராட்ட வேண்டும்.

சட்டத்தரணி பீசியேவிச்சுடன் சேர்ந்து எழுதிய, பத்துக் கட்டளைகளை அடிப்படையாகக் கொண்ட 'டெக்கலோக்' தொலைக்காட்சித் தொடரின் பத்துப் பகுதிகளுள் இரண்டை மட்டும் காட்டியது பெருங்குறை. ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பின் மனிதர்கள் பகுதிக்குப் பகுதி எதிர்ப்படும் அனுபவம் அதனால் இழக்கப்பட்டது. படத்தெளிவு நன்று. ஆனால் மின்விசிறியின் இரைச்சல் இசையமைப்பாளர் பிரைஸ்னரின் இசையை விழுங்கியது. துணைத்தலைப்புகள் ஆங்கிலத்தில் மட்டுமே என்பதால், தமிழில் ஒரு சிறு அறிமுகக் குறிப்பாவது தந்திருக்கலாம். பின்வரிசையில் அவ்வெழுத்துகள் தலைகளால் மறைவதால், செல்பவர்கள் நேரத்துடன் சென்று முன்வரிசையில் அமர்வது நல்லது.