புதுத் தொட்டிக்கு அம்மோனியா: நவச்சாரமா, இறாலா?

மீன் விடாமலேயே புது மீன் தொட்டியை சைக்கிளிங் செய்ய, அதாவது மீன் கழிவில் வரும் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாவை முன்கூட்டியே வளர்க்க வேண்டுமென்றால் பாக்டீரியாவுக்குத் தீனியாக அம்மோனியா வேண்டும். அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும் கூட்டம் முதலில் பெருகும். அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும் நைட்ரோஸ்பைரா பின்னால் மெதுவாக வரும். என் தொட்டிக்கு நான் எடுத்துக்கொண்டது அம்மோனியம் குளோரைடு, அதாவது நம் ஊர் நவச்சாரம். யார் கேட்டாலும் அதையே சொல்கிறேன்.

முதலில் நாலு மோலி மீனை விட்டுப் பார்க்கும் பழக்கத்தை நான் போட்டியிலேயே சேர்க்கவில்லை. அம்மோனியா செவுளைப் புண்ணாக்கும், நைட்ரைட் ரத்தம் ஆக்சிஜன் சுமப்பதைக் கெடுக்கும். மீனை அப்படி வதைக்க வேண்டிய அவசியமே இல்லை.

இறால் சுலபம்தான். ஒரு பச்சை இறாலைத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் அழுகி அம்மோனியா தரும். மீன் தீவனத்தைத் தூவினாலும் அதே கதை. கூடவே நாற்றம், பஞ்சு போலப் பூஞ்சை, பின்னால் பாசிக்குத் தோதாகப் பாஸ்பேட். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் இன்று எவ்வளவு அம்மோனியா விட்டது, நாளை எவ்வளவு விடும் என்பது தெரியாது. சோதனைக் குழாயில் அம்மோனியாவைக் காட்டும் பச்சை நிறம் வெளுத்தால் பாக்டீரியா தின்றுவிட்டதா, இறால் தீர்ந்துவிட்டதா? சொல்லவே முடியாது.

நவச்சாரத்தில் அந்தக் குழப்பம் கிடையாது. 100 லிட்டர் தண்ணீருக்கு 0.63 கிராம் போட்டால் அம்மோனியா 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்). இவ்வளவு சின்ன எடையை நிறுப்பது கஷ்டம் என்பதால், 6.3 கிராமை 100 மில்லி தண்ணீரில் கரைத்து பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள். ஊசியில்லாத சிரிஞ்சால் 10 லிட்டருக்கு 1 மில்லி போதும். கல், மணல் பிடிக்கும் இடத்தைக் கழித்துவிட்டு, உண்மையில் நிற்கும் தண்ணீரை மட்டும் கணக்கில் எடுங்கள். 5 பிபிஎம்மைத் தாண்டவிட்டால் நைட்ரைட்டைத் தின்னும் பாக்டீரியா மந்தமாகிவிடும்.

நாட்டு மருந்துக் கடையிலும் நவச்சாரம் கிடைக்கும்; பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் வாங்குவது அதைத்தான். ஆனால் அதன் தூய்மைக்கு உத்தரவாதம் இல்லை. ஆய்வகப் பொருட்கள் விற்கும் கடையில் வாங்குங்கள்.

திரவ அம்மோனியாவிலும் அளவு தெரியும். ஆனால் புகை கண்ணையும் மூக்கையும் எரிக்கும், பிஎச் ஏறும், பிளீச்சிங் பவுடர் பக்கத்தில் இருந்தால் ஆபத்து. வீட்டைத் துடைக்கும் வகை என்றால் வாசனையும் சோப்பும் வேறு கலந்திருக்கும். உரக்கடை யூரியா வேண்டவே வேண்டாம். இந்தியாவில் 2015 முதல் யூரியாவுக்கு வேப்பெண்ணெய்ப் பூச்சு கட்டாயம். மண்ணில் அம்மோனியா நைட்ரேட்டாக மாறுவதைத் தாமதப்படுத்தத்தான் அந்தப் பூச்சு. நாம் வளர்க்க நினைக்கும் பாக்டீரியாவையே அது அடக்கும்.

கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் நண்பர்கள் சிலர் இறாலைக் கைவிடமாட்டேன் என்கிறார்கள். கடல்நீரில் எனக்குப் பழக்கம் குறைவு. என் சிபாரிசு நன்னீர்த் தொட்டிக்கு மட்டும்.

நவச்சாரத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாக்டீரியா அம்மோனியாவை மாற்றும்போது தண்ணீரின் காரத்தன்மையையும் தின்னும். போர் தண்ணீர் என்றால் பெரும்பாலும் தாங்கும். ஆர்ஓ தண்ணீரில் பிஎச் சரிந்து வேலை நின்றுபோகும்; அப்போது கொஞ்சம் ஆப்ப சோடா சேர்த்தால் சரியாகும்.

காலையில் 2 பிபிஎம் போட்டு, மறுநாள் காலையில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டினால் தொட்டி தயார். சேர்ந்த நைட்ரேட் போகும்படி பாதிக்கு மேல் தண்ணீரை மாற்றுங்கள். ஊற்றும் தண்ணீரில் குளோரின் இருக்கக் கூடாது. மீன் வாங்கத் தாமதமானால், அதுவரை அவ்வப்போது கொஞ்சம் நவச்சாரக் கரைசல் விட்டுக்கொண்டே இருங்கள்.