ஆய்விதழ் தொடங்க: பதிப்பகமா, சொந்த சர்வரா?

மக்கள் கணினியை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராயும் மனித-கணினி ஊடாட்டத் துறைக்குப் புதிதாக ஓர் ஆய்விதழ் எதற்கு என்று கேட்காதவர் இல்லை. இந்தத் துறையில் மாநாட்டுக் கட்டுரைக்குத்தான் மவுசு. 2017இல் கணினித் துறையினரின் சங்கமான ஏசிஎம் சில மாநாடுகளின் கட்டுரைகளையே இதழாக வெளியிடத் தொடங்கிவிட்டது. ஆனாலும் மாநாட்டுக் கெடுவுக்கு அடங்காத நீண்ட கள ஆய்வுகள் உண்டு, அவற்றுக்காகத்தான் என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினோம். வேலை என்றால் முதலில் ஒரே கேள்வி: யாரை வைத்து நடத்துவது?

எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. ஆய்வாளர்கள் கட்டுரைகளை இலவசமாகப் போட்டுவைக்கும் ஆர்க்கைவ் தளத்தில் ஏற்கெனவே கிடக்கும் கட்டுரைகளுக்கு மதிப்பாய்வு மட்டும் செய்து இதழாக்குவது ஒன்று. கணிதத்தில் 2016இல் தொடங்கிய டிஸ்க்ரீட் அனாலிசிஸ் இதழ் அப்படித்தான் நடக்கிறது. எங்களுக்கு வரும் கட்டுரைகளோடு வீடியோவும் மாதிரிச் செயலியும் சேர்ந்தே வரும், அதனால் இதை ஒரே மாலையில் தள்ளிவிட்டோம்.

அடுத்தது பெரிய பதிப்பகம். பக்க வடிவமைப்பு, கட்டுரைக்கு நிரந்தர அடையாள எண்ணான டிஓஐ, கட்டுரைகள் அழியாமல் காக்கும் ஆவணக் காப்பு, தரவுத்தளங்களில் சேர்ப்பது எல்லாம் அவர்கள் பாடு. நாங்கள் மதிப்பாய்வாளர்களைத் துரத்தினால் போதும். கட்டுரையை வெளியிட எழுதியவரிடம் வாங்கும் கட்டணம் பற்றிய சண்டை தெரிந்ததுதான், அதை விடுங்கள். எங்களை நிறுத்தியது ஒப்பந்த வரைவில் இருந்த ஒரே ஒரு வரி: இதழின் பெயர் பதிப்பகத்துக்கே உரியது. மாற்றக் கேட்டோம். அட்டையில் உங்கள் குழுவின் பெயரைப் போடுகிறோம் என்றார்கள்!

இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஓர் இதழுக்குச் சொத்து என்று இருப்பதே அதன் பெயர்தான். இதழை அடையாளம் காட்டும் ஐஎஸ்எஸ்என் எண் பெயரோடு ஒட்டியது. பெயர் மாறினால் எண்ணும் மாறும். ஆய்விதழ்களைப் பட்டியலிடும் ஸ்கோபஸ் தரவுத்தளத்தில் விண்ணப்பிக்கவே இரண்டு ஆண்டு வெளியீட்டு வரலாறு வேண்டும். 2015இல் லிங்குவா என்ற மொழியியல் இதழின் ஆசிரியர் குழு ஒட்டுமொத்தமாக விலகியது. பெயர் எல்சவியர் பதிப்பகத்திடம் இருந்ததால் லிங்குவா தொடர்ந்து வந்தது. விலகியவர்கள் குளோசா என்று புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. 2001இல் மெஷின் லேர்னிங் இதழிலிருந்து 40 பேர் விலகியபோதும் பழைய பெயர் பதிப்பகத்திடமே நின்றது. அவர்கள் போய்ச் சேர்ந்த ஜேஎம்எல்ஆர் இதழ் இன்று ஓஹோவென்று இருக்கிறது, சரி. ஆனால் அவ்வளவு பெரிய ஆட்கள் எங்கள் குழுவில் இல்லை.

ஆகவே ஓஜேஎஸ். ஆய்விதழ் நடத்த பப்ளிக் நாலெட்ஜ் புராஜெக்ட் தரும் இலவச மென்பொருள், சொந்த சர்வரில். நிறுவுவது அரை நாள் வேலை. அதன் பிறகுதான் ஆட்டம். போலிக் கணக்குகள் வரிசையாகப் பதிவாகும், அப்டேட் போட்டால் தீம் உடையும். முதல் இதழில் ஒரு கட்டுரையின் அட்டவணையில் இணைத்த கட்டங்கள் இருந்தன. வேர்டிலிருந்து இணையத்தில் வெளியிடுவதற்கான எக்ஸ்எம்எல் வடிவத்துக்கு மாற்றியதும் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தெரிந்தது. திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் திரைவாசிப்பானில் கேட்டால் மூன்றாம் பங்கேற்பாளரின் மதிப்பெண்ணை நான்காமவருக்குப் படித்தது. அந்தக் கட்டுரையோ பார்வையற்றோர் பயன்பாட்டைப் பற்றியது! ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து கையால் திருத்தினோம்.

ஆவணக் காப்புக்குப் பயந்த அளவு இல்லை. ஓஜேஎஸ் இதழ்களுக்கென்றே இலவசக் காப்பு வலையமைப்பு இருக்கிறது. அமைப்புப் பக்கத்தில் இயக்கிவிட்டால் போதும். தரவுத்தள விஷயத்தில் மட்டும் நான் பேச்சைக் குறைத்துக்கொள்கிறேன். ஸ்கோபஸ் கேட்கும் இரண்டு ஆண்டு எங்களுக்கு இன்னும் நிறையவில்லை. பதவி உயர்வுக்குப் புள்ளி தேவைப்படும் இளம் ஆய்வாளரிடம் எங்களுக்கு அனுப்புங்கள் என்று சொல்ல எனக்கே கொஞ்சம் கூச்சம்தான்.

வாரம் ஒரு முழு நாளை ஒதுக்கக்கூடிய ஆள் உங்களிடம் இல்லையென்றால் பதிப்பகத்துக்கே போங்கள். அந்த ஒரு வரியை மட்டும் மாற்றாமல் கையெழுத்துப் போடாதீர்கள். சொந்தமாக நடத்தினாலும் இதே கண்ணி உண்டு. பதிப்பகத்தோடு அவ்வளவு மல்லுக்கட்டிய நாங்கள், எங்கள் டொமைன் ஒரு நண்பரின் சொந்தக் கணக்கில் பதிவாகியிருந்ததை எட்டு மாதம் கழித்து, புதுப்பிக்கச் சொல்லி அவருக்கு மின்னஞ்சல் வந்தபோதுதான் கவனித்தோம். அப்புறம்தான் ஒரு சங்கம் பதிவு செய்து, பெயரையும் டொமைனையும் அதற்கு மாற்றினோம்.