ஹாரியா, ஸ்பாட்டா? பேத்திக்குச் சொன்ன நாய்க் கதைகள்

கோபிப் பக்கம் இருக்கும் எங்கள் தோட்டத்துச் சாளைக்கு மகள் வயிற்றுப் பேத்தி லீவுக்கு வந்தால், கூடவே இரண்டு புத்தகங்களும் வரும். இரண்டும் நாய்க் கதை, இரண்டும் இங்கிலீஷ். படத்தைக் காட்டி நான் தமிழில் சொல்வேன்.

எரிக் ஹில்லின் 'வேர்ஸ் ஸ்பாட்?' 1980இல் வந்தது. சாப்பாட்டு நேரத்தில் காணாமல் போன குட்டியைத் தாய் நாய் தேடுகிறது. மூடியிருக்கும் தாளைத் தூக்கினால் கடிகாரத்துக்குள் பாம்பு, பியானோவுக்குள் நீர்யானை, கட்டிலுக்கு அடியில் முதலை. எல்லாம் "இல்லை" என்கின்றன. ஒன்றரை வயதில் அவளுக்கு அதுவே போதும். நான் கேட்டு முடிப்பதற்குள் "இல்லீங்க" என்பாள். மூன்று வயதானதும் சீந்தவில்லை. குட்டி கூடைக்குள் இருப்பது தெரிந்த பிறகு தேட என்ன இருக்கிறது? முதலைத் தாளும் கிழிந்துபோனது. வாங்குபவர்கள் கெட்டி அட்டைப் பதிப்பாகப் பாருங்கள்.

என் ஓட்டு ஹாரிக்கு. ஜீன் ஜியோன் எழுதி மார்கரெட் பிளாய் கிரஹாம் படம் வரைந்த 'ஹாரி த டர்ட்டி டாக்' 1956இல் வந்தது. கறுப்புப் புள்ளி போட்ட வெள்ளை நாய். குளியல் ஆகாது. தேய்க்கும் பிரஷைக் கொல்லையில் புதைத்துவிட்டு ஓடிப்போகிறது. ஊரெல்லாம் சுற்றி, கரி ஏறி, வெள்ளைப் புள்ளி போட்ட கறுப்பு நாயாகத் திரும்புகிறது. வீட்டில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. தெரிந்த வித்தையெல்லாம் காட்டுகிறது. ஊஹூம். இந்த இடத்தில் பேத்தி பேச்சை நிறுத்திவிடுவாள். ஒருநாள் கேட்டாள்:

"அப்புச்சி, நம்ம மணி செம்மண்ணுல பொரண்டு வந்தா நமக்குத் தெரியுமா?"

"தெரியும் கண்ணு. அது பண்ற சேட்டைய வெச்சே தெரியும்."

"ஹாரியுந்தான் பண்ணுச்சு."

பக்கத்தைப் புரட்டிவிட்டேன். ஹாரி பிரஷைத் தோண்டி எடுத்து, கவ்விக்கொண்டு தொட்டிக்கு ஓடும்போதுதான் அவளுக்கு மூச்சு வரும். சொல்வதில் ஒரு சங்கடம், எங்கள் வீட்டில் குளிக்கும் தொட்டி கிடையாது. மாட்டுக்குத் தண்ணி காட்டும் தொட்டி என்று சொல்லி வைத்தேன். அதன் பலனை அன்று சாயங்காலம் மணி அனுபவித்தான்.

இந்த லீவுக்கு மூன்றாவதாக ஒன்று வந்திருக்கிறது: அலெக்ஸாண்ட்ரா டேயின் 'குட் டாக், கார்ல்', 1985. ஏறக்குறைய எழுத்தே இல்லை. மொழிபெயர்க்கும் வேலை மிச்சம். குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஒரு ராட்வைலரிடம் விட்டுவிட்டு அம்மா வெளியே போகிறாள். படங்கள் அபாரம்தான். ஆனால் என் வீட்டுக்காரம்மா முதல் பக்கத்தைத் தாண்டவில்லை.

"கொழந்தைய நாய்கிட்ட உட்டுப்போட்டு எவளாச்சும் போவாளாங்க?"